எட்டால வகுத்தியா மச்சி?

போன செமஸ்டர்ல நான் வாங்கின பல்பு பத்திதான் இந்த வாரம். சாதா பல்பு இல்ல மக்களே, ஜங்ஷன்ல இருக்குமே ஹைமாஸ் விளக்கு, அந்த சைஸ்!

எங்க டீம்ல நாலு பேர். ப்ராஜெக்ட் வீடியோ, டேட்டா எல்லாம் சேர்த்து 6 ஜிகாபைட். ராத்திரி 12 மணிக்குள்ள அப்லோட் பண்ணணும். பொறுப்பு என்னோடது. கோட்டூர்புரத்துல எங்க வீட்டு லைன்ல அப்லோட் வேகம் 10 எம்.பி.பி.எஸ். மனசுக்குள்ளயே கணக்கு போட்டேன். 6000-ஐ 10-ஆல வகுத்தா 600 செகண்ட். பத்தே நிமிஷம்! தெம்பா நாலு தோசை சாப்பிட்டுட்டு, பதினொன்றரைக்கு பட்டனைத் தட்டினேன்.

ஸ்கிரீன்ல வந்தது: '1 மணி 20 நிமிடம் பாக்கி'.

12 மணிக்கு கதவு மூடினப்போ 37 சதவீதம்தான் ஏறியிருந்தது. ரெண்டு ராத்திரி தூங்காம வீடியோவை எடிட் பண்ணின தோழிக்கு போன் போட்டேன். ஸ்காலர்ஷிப் போகாம இருக்க அவளுக்கு ஒவ்வொரு மார்க்கும் முக்கியம். திட்டுவான்னு நினைச்சேன். திட்டலை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "எட்டால வகுத்தியா மச்சி?"

மூணாவது வருஷ இன்ஜினீயரிங் மாணவன். வகுக்கலை!

விஷயம் இதுதான். லைன் வேகத்தை பிட்ல சொல்றாங்க. ஃபைல் சைஸை பைட்ல சொல்றாங்க. 8 பிட் சேர்ந்தா ஒரு பைட். இங்கிலீஷ்ல சின்ன 'பி' போட்டா பிட், பெரிய 'பி' போட்டா பைட். தமிழ்ல எழுதினா ரெண்டுமே 'எம்.பி.'தான், குழப்பம் டபுள்! என்னோட 10 மெகாபிட் லைன் உண்மையில செகண்டுக்கு 1.25 மெகாபைட்தான். 6000-ஐ அதால வகுங்க. 4800 செகண்ட். அதாவது 80 நிமிஷம்.

ஏன் இப்படி ரெண்டு கணக்கு? டெலிபோன்காரங்க பாஷை வேற, டிஸ்க்காரங்க பாஷை வேற. போன்ல பேசுற குரலை செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா மாத்துவாங்க. அது 64 கிலோபிட். இந்த மாதிரி 32 தடத்தை ஒண்ணா சேர்த்தா 2.048 மெகாபிட். அதுக்குப் பேர் 'ஈ-1' லைன். லைன்ல பிட்டெல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா போகும். ஆனா பழைய கம்ப்யூட்டரைத் திறந்தா பட்டையா ஒரு ஐ.டி.இ. கேபிள் இருக்குமே? அதுல டேட்டாவுக்கே 16 கம்பி. ஒரே நேரத்துல ரெண்டு பைட் தோளோடு தோள் உரசிப் போகும். அதனால அவங்க பைட்லயே பேசினாங்க. அந்தக் கேபிள்ல 33 மெகாபைட் ரகம் ஒண்ணு உண்டு. 8-ஆல பெருக்கினா 264 மெகாபிட். கிட்டத்தட்ட 129 ஈ-1 லைன்!

நம்ம ஏரியா கதை ஒண்ணு சொல்றேன். 1986-ல ஆரம்பிச்ச 'எர்நெட்' கல்வி நெட்வொர்க்ல முதல் எட்டு நிறுவனங்கள்ல ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஒண்ணு. 1992 வாக்குல அந்த நிறுவனங்களை இணைச்ச லைனோட வேகம் 9.6 கிலோபிட். அதுல ஒரு 1.44 ஃப்ளாப்பியை அனுப்பினா? ஃப்ளாப்பியில இருக்கறது 14,74,560 பைட். (1440-ஐ 1024-ஆல பெருக்கி வந்தது. பாதி 1000 கணக்கு, பாதி 1024 கணக்கு. இது தனி காமெடி!) 8-ஆல பெருக்கி 9600-ஆல வகுத்தா இருபதரை நிமிஷம். ஐ.ஐ.டி. கேட்ல இருந்து காந்தி மண்டபம் ரோடு வழியா, இப்ப அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிற இடத்துக்கு நடந்து வர எனக்கு ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். பாக்கெட்ல ரெண்டு ஃப்ளாப்பி இருந்தா நடக்கறவன் ஜெயிச்சுடுவான்!

சிரிக்காதீங்க. 2004-ல நம்ம அரசு 'பிராட்பேண்ட்'னு ஒத்துக்கிட்ட குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். எட்டால வகுங்க, 32 கிலோபைட். ஃப்ளாப்பி டிரைவ் நிமிஷத்துக்கு 300 சுத்து சுத்தும், சுத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். செகண்டுக்கு 46 கிலோபைட். அதாவது அந்த 'பிராட்பேண்ட்' ஃப்ளாப்பியை விட ஸ்லோ! 2013-ல வரையறை 512 கிலோபிட் ஆனப்பதான் ஃப்ளாப்பியை முந்துச்சு. 2023-ல அது 2 மெகாபிட், அதாவது 250 கிலோபைட்.

இன்னொரு பக்கம், 2020 ஆகஸ்ட் 10-ல திறந்த சென்னை–போர்ட் பிளேர் கடலடிக் கேபிளோட அறிவிச்ச வேகம் ரெண்டு 200 ஜிகாபிட். மொத்தம் 400. எட்டால வகுத்தா 50 ஜிகாபைட். முழுசா எனக்கே கொடுத்திருந்தா, தோசைக்கல்லு சூடாகறதுக்குள்ள இல்ல, கண்ணை சிமிட்டறதுக்குள்ள என் 6 ஜிகாபைட் அந்தமான்ல இருந்திருக்கும்.

ஒரு டிப்ஸ். எட்டால வகுக்கறதுதான் சரியான கணக்கு. ஆனா டெட்லைன் இருந்தா பத்தால வகுங்க. அனுப்புற பொட்டலத்து மேல விலாசம் ஒட்டணும்ல, அதுக்கும் கொஞ்சம் பிட் போகும். 'சாட்டா' ஹார்ட் டிஸ்க் கேபிள்ல 10-தான் சரியான கணக்கே. அங்க 8 பிட்டை 10 பிட்டா மாத்தி அனுப்பறதால 3 ஜிகாபிட்னா 300 மெகாபைட்.

மறுநாள் காலையில பென் டிரைவை பாக்கெட்ல போட்டுக்கிட்டு காலேஜுக்கு நடந்தேன். 20 நிமிஷம். சார் வாங்கிக்கிட்டார், லேட்டுக்கு மார்க்கைக் குறைச்சுட்டார். நாலு பேருக்கும். தப்பு ஒருத்தனோடது. தோழியோட ஸ்காலர்ஷிப் நூலிழையில தப்பிச்சுது. அவகிட்ட சாரி சொல்லிட்டு, சமாதானமா ஒரு கணக்கும் சொன்னேன். 6 ஜிகாபைட், 20 நிமிஷம், அப்படின்னா என் நடை வேகம் 40 மெகாபிட்! வீட்டு லைனை விட நாலு மடங்கு!

"அப்ப நேத்து ராத்திரியே நடந்திருக்கலாமே?"ன்னா.

நான் வாயை மூடிக்கிட்டேன். நீங்க இன்னிக்கே உங்க லைன் வேகத்தைப் பார்த்து, எட்டால வகுத்து வெச்சுக்குங்க. அடுத்த வாரம் வேற பல்போட வரேன்!