ஒரு சந்தேகம் சார்!



திருப்பூரிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் பெண். வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய மெயிலில் 'வீ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் கலர்' என்று எழுதிவிட்டார். வந்திருந்த சாம்பிளில் இரண்டு நீலம் இருந்தது. எந்த நீலத்தில் சாயம் போடுவது என்று கேட்பதுதான் அவர் எண்ணம். பதில் சூடாக வந்தது. எங்கள் நிறத்தில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 'எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, எங்கே தவறினேன்?' என்று கேட்கிறார் இந்தச் சகோதரி.

தவறியது நம் வகுப்பறையில். கையைத் தூக்கி, 'சார், ஒரு சந்தேகம்' என்று எழுந்து நின்று பழகியவர்கள் நாம். கேள்வி என்று சொன்னால் எதிர்த்துக் கேட்பதுபோல் ஆகிவிடும், சந்தேகம் என்றால் பணிவு. அந்தப் பணிவைத்தான் அவர் இங்கிலீஷுக்குக் கொண்டுபோனார். ஆனால் அங்கே 'டவுட்' என்றால் 'உங்கள்மேல் நம்பிக்கை இல்லை' என்ற சாயல் வந்துவிடுகிறது. 'வீ ஹேவ் எ க்வெஸ்டின்' என்பதே அங்கே மரியாதையான சொல். இந்தியாவுக்குள் எழுதும்போது 'டவுட்' யாரையும் புண்படுத்தாது. எல்லை தாண்டும் கடிதத்தில் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எனக்கும் ஒரு பழைய காயம் உண்டு. கல்லூரியில் முதல் வருடம். ஆசிரியரிடம் 'கேன் ஐ லெண்ட் யுவர் பென்' என்று கேட்டுவிட்டேன். எனக்கே கடன் கொடுக்க வந்தாயா என்று அவர் கேட்க, வகுப்பே சிரித்தது. அதன்பிறகு பல மாதங்கள் அந்த வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு ஆசிரியை. அதே தவறு என் வாயில் வந்தபோது, 'யெஸ், யூ கேன் பாரோ மை பென்' என்று சொல்லிக்கொண்டே பேனாவை நீட்டினார். அவ்வளவுதான். அந்த 'பாரோ' இன்றுவரை மறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. 'பேனாவைக் கொஞ்சம் கொடுங்க சார்' என்பதுதானே நம் பேச்சு? மனத்தில் 'கொடு' ஓடும்போது வாயில் 'லெண்ட்' வருகிறது. ஆகவே 'கேன் யூ லெண்ட் மீ' என்று எதிரில் இருப்பவரை முன்னே வைத்துக் கேட்டிருந்தால் சரியாகவே இருந்திருக்கும். 'ஐ' என்று தொடங்கினால் 'பாரோ'. நம் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித் தமிழின் ஒழுங்கிலிருந்து பிறப்பவைதான். அவற்றை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'கேள்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இடிச் சத்தம் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறோம், கத்தரிக்காய் விலை கேட்கிறோம். தானாகக் காதில் விழுந்தால் 'ஹியர்', நாமாகக் காது கொடுத்தால் 'லிசன்', வாய் திறந்து விசாரித்தால் 'ஆஸ்க்'. 'நிழல்' என்ற சொல்லும் அப்படித்தான். வேப்பமரத்தடியில் நாம் ஒதுங்குவது 'ஷேட்', சுவரில் விழும் நம் உருவம் 'ஷேடோ'.

எதிர்த்திசையில் வருபவர்களுக்கும் இதே பாடுதான். இங்கிலீஷ்காரருக்கு எதை அணிந்தாலும் 'வேர்' என்ற ஒரு சொல் போதும். தமிழ் கற்க வந்தால் புடவை கட்ட வேண்டும், சட்டை போட வேண்டும், பொட்டு வைக்க வேண்டும். அவருக்கு அரிசியும் 'ரைஸ்', சோறும் 'ரைஸ்'. 'மத்தியானம் அரிசி சாப்பிட்டேன்' என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? 'சோறுன்னு சொல்லுங்க' என்று அன்போடு திருத்தி, இன்னும் ஒரு கரண்டி போடுகிறோம். அந்த அன்பை நம் பிள்ளைகளுக்கும் காட்டலாமே.

சொல்லைத் தனியாகக் கற்றால் பயன் குறைவு, அதன் கூட்டாளியோடு சேர்த்துக் கற்க வேண்டும். நமக்கு மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது. வெயில் ஏன் அடிக்கிறது என்று யாரும் காரணம் சொல்லித்தரவில்லை. இங்கிலீஷில் வீட்டுப்பாடத்தை 'டூ' செய்வதும், தவறை 'மேக்' செய்வதும் அதே வகை. இதை உணர்ந்து, கற்பவருக்கென்றே அகராதி செய்தவர் ஏ.எஸ். ஹார்ன்பி. 1924இல் ஜப்பானுக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் போனவர் அவர். அங்கே மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல வருடம் பார்த்து, இரண்டு துணையாசிரியர்களோடு அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகளின் மேசையில் இருக்கும் அந்தக் கனமான ஆக்ஸ்போர்டு அகராதிக்கு மூலம் அதுதான். சொல்லை அது புழங்கும் வாக்கியத்தோடு காட்டும் அகராதி தமிழிலும் உண்டு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், அது ஒரு தனிச் சுகம்.

எல்லாவற்றையும் திருத்தவேண்டும் என்பதில்லை. பெரியப்பா மகனை அண்ணன் என்று அழைத்து வளர்ந்தவருக்கு வெறும் 'கசின்' போதாது; 'கசின் பிரதர்' இருந்துவிட்டுப் போகட்டும். குறித்த நாளுக்கு முன்னதாக வைப்பதை நாம் சொல்லும் 'ப்ரீபோன்' ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. பொருள் மாறும் இடங்களில்தான் கவனம் வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் அப்பாவைத் தேடியதை 'ஐ சர்ச்டு மை ஃபாதர்' என்றால், அப்பாவின் சட்டைப்பையைச் சோதனை போட்டதாக ஆகிவிடும். 'ஃபார்' என்ற சின்னச் சொல் அங்கே கட்டாயம் வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து இப்படிப்பட்ட சொற்களுக்காக அரைப்பக்கம் ஒதுக்குகிறோம். முதலில் தமிழ்ச்சொல், அதன்பிறகே இங்கிலீஷ். முதல் சொல் 'போடு'. டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம், சண்டையும் போடுகிறோம். உங்கள் வீட்டில் இன்னும் என்னவெல்லாம் போடுகிறீர்கள் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்