வீட்டை வரைய லண்டன் போகணுமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் நர்சிங், அக்ரி, இன்ஜினீயரிங் என்று பேச்சு ஓடும். நடுவில் பொண்ணு மெதுவாக, "இன்டீரியர் டிசைன் படிக்கிறேன்ப்பா. லண்டன்ல ஒரு சின்ன ஸ்கூல். பேட்ச்சுக்குக் கொஞ்சம் பேர்தான்" என்று வாய் திறந்தால் என்ன ஆகும்? அப்பா யோசித்து முடிப்பதற்குள் அப்பத்தா முந்திக்கொள்வார்: "ஏன்டி ஆத்தா, வீட்டை ஜோடிக்கிறதுக்குக் கூடவா படிப்பு? அதுக்கு லண்டன் வேற போகணுமாக்கும்?"

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. பல லட்சம் ரூபாய் இதில் அடங்கியிருக்கிறது. சில வீடுகளில் தோட்டமே அடங்கியிருக்கிறது.

கம்பத்தைப் போலவே மலை சூழ்ந்த இன்னோர் ஊரிலிருந்து, இலங்கையின் கண்டியிலிருந்து, ஒரு பெண் இப்படிக் கிளம்பிப் போயிருக்கிறார். பெயர் மினெட் டி சில்வா. பிறந்தது 1918-ல். மும்பையில் கட்டடக்கலை படிக்க ஆரம்பித்தவர், பிறகு லண்டனில் உள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் சேர்ந்தார். 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் இன்ஸ்டிடியூட்டில் உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர்தான்.

ஊர் திரும்பியதும் கண்டியில் அவர் கட்டிய முதல் வீட்டுக்கு லண்டன் வீடுகளைக் காப்பியடிக்கவில்லை. உள்ளூர் நெசவாளர்களையும் கைவினைஞர்களையும் கூப்பிட்டார். தும்பறை நெசவுப் பாய், சுட்ட களிமண் ஓடு, அரக்கு வேலைப்பாடு எல்லாம் அவர் கட்டிய வீடுகளுக்குள் வந்தன. அதுவரை 'பழசு' என்று ஒதுக்கப்பட்டவை அவை. சொந்த ஊர்ச் சரக்கைப் புதுக் கண்ணோடு பார்க்க வெளிநாட்டுப் படிப்பு அவருக்கு உதவியது.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள், இந்த ஸ்டுடியோ பள்ளிகளில்? பெரிய வளாகம், ஆயிரம் மாணவர் எல்லாம் இருக்காது. லண்டனின் இன்ச்பால்ட் டிசைன் பள்ளி, 1960-ல் அதை ஆரம்பித்த பெண்மணியின் வீட்டு அடித்தளத்தில்தான் தொடங்கியது. இத்தகைய பள்ளிகளில் லெக்சர் குறைவு; மேசைதான் வகுப்பறை. ஓர் அறையைக் கொடுப்பார்கள். அளக்கணும், பிளான் வரையணும், அட்டையில் மாடல் செய்யணும். எந்த நேரத்தில் எந்த ஜன்னலில் வெயில் விழும், ஸ்விட்ச் எங்கே வரணும், துணிக்கும் மரத்துக்கும் என்ன செலவு என்று கணக்குப் போடணும். கடைசியில் வரைந்ததைச் சுவரில் மாட்டிவிட்டு, ஆசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லணும். இதற்கு 'ஜூரி' என்று பெயர். மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பிள்ளைகள் முதல் ஜூரியில் அழுவது சகஜம்.

சேர்க்கும்போதே மார்க் ஷீட்டோடு 'போர்ட்ஃபோலியோ' கேட்கும் பள்ளிகள் அதிகம். சொந்தமாக வரைந்தவற்றின் தொகுப்பு அது. இணையத்தில் பார்த்த சோபா செட்டை வரைந்து அனுப்பினால், அதே படத்தை இன்னும் நூறு பேர் அனுப்பியிருப்பார்கள். தேனி மாவட்டத்துப் பிள்ளைக்கு வேறு கையிருப்பு உண்டு. ஆடி மாதச் சாரல் உள்ளே அடிக்காமல், காற்று மட்டும் வரும்படி கட்டிய ஓட்டு வீடு. ஏலக்காய் மூட்டை அடுக்குகிற போடிக் கடைகள். இலவம் பஞ்சு மெத்தை தைக்கிறவர்களின் பட்டறை. ஆண்டிப்பட்டிப் பக்கம் தறிக்குழி உள்ள வீடு. வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும் ஒன்றாக இருந்தால் சமையல் எங்கே, பிள்ளைகள் படிப்பது எங்கே? தறி வீட்டை அளந்து பார்த்தால் தெரியும். ஒரு டேப்பும் கோடு போடாத நோட்டும் போதும்.

ஆசை உறுதிதான் என்று தெரிந்த பிறகு, பணம் கட்டும் முன் அப்பா அம்மா கேட்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, கையில் வருவது பட்டமா, டிப்ளமாவா? பிரிட்டனில் படிப்பு முடித்து வேலை தேடித் தங்குவதற்கான 'கிராஜுவேட் ரூட்' விசா பொதுவாகப் பட்டப்படிப்புக்குத்தான். இன்டீரியர் டிப்ளமா முடித்தவர் அதை நம்பிப் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது, மாணவர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் உரிமம் அந்தப் பள்ளிக்கு இருக்கிறதா? உரிமம் பெற்றவர்களின் பட்டியலை பிரிட்டிஷ் அரசே வெளியிடுகிறது. ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு அதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, திரும்பி வந்து என்ன பெயர்ப்பலகை மாட்டுவது? நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைன் படித்தவர் 'இன்டீரியர் டிசைனர்' என்று தாராளமாகத் தொழில் செய்யலாம். பொண்ணு ஆர்க்கிடெக்ட் ஆகிவிடுவாள் என்று நினைத்துப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான்.

நான்காவது, கடன். கல்விக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் வாங்க வழி உண்டு. லண்டன் செலவுக்கு அது போதாது. அதற்கு மேல் வங்கி சொத்து கேட்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்குச் சொத்து என்றால் தோட்டமும் வயலும்தான். விவசாய நிலத்தைப் பிணையாக வாங்க வங்கிகள் தயங்கும். கடன் நின்றால் அதைக் கையகப்படுத்த 'சர்ஃபேசி' சட்டத்தில் இடமில்லை. அப்போதுதான் வெளியில் வட்டிக்கு வாங்கும் யோசனை வரும். அந்த இடத்தில் நின்று யோசிப்பது நல்லது. திராட்சை ஒரு மழையில் வெடித்துப் போகும். வட்டிக்கு அந்தக் கஷ்டம் தெரியாது.

வழி அடைந்துவிட்டதா என்றால், இல்லை. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தில் இன்டீரியர் டிசைனுக்குத் தனிப் பட்டப்படிப்பு உண்டு. 1961-ல் அதே ஊரில் ஆரம்பித்த தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யிலும் ஸ்டுடியோ முறைதான். இங்கே பட்டம் முடித்து, இரண்டு வருஷம் வேலை பார்த்து, சொந்தச் சம்பாத்தியமும் சேர்த்து வெளிநாட்டுக்கு மேற்படிப்புக்குப் போகலாம். அப்போது போர்ட்ஃபோலியோவில் உண்மையான வீடுகள் இருக்கும். தோட்டப் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

சரி, அப்பத்தாவுக்கு என்ன பதில்? பொண்ணு நாளைக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு அப்பத்தாவின் அடுப்படிக்குப் போகட்டும். மேடை எத்தனை அங்குலம், பரண் எட்டுகிறதா, புகை எந்தப் பக்கம் போகிறது என்று அளந்து வரையட்டும். அப்பத்தா சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். "அளக்குறதுதான் அளக்குற, அந்த மேடையைக் கொஞ்சம் இறக்கிப் போடச் சொல்லு. கை தூக்கித் தூக்கித் தோள்பட்டை விட்டுப்போகுது" என்பார்.

இத்தனை வருஷம் வீட்டில் யாரும் கேட்காத தோள்பட்டை வலி அது. பொண்ணு அதை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொள்ளட்டும்.