வரைந்து பார்த்து வாங்க வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிஜிட்டல் ஓவியத்துக்கு விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை என்ற தங்கள் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கு டிசைன் வரையும் என் போன்றவர்களுக்கு வேக்கம் நிறுவனக் கருவிகள் எட்டாவிட்டாலும், ஹுயான், எக்ஸ்பி-பென் நிறுவனங்களின் பென் டிஸ்ப்ளேக்கள் (திரையிலேயே பேனாவால் வரையும் கருவிகள்) போதும்.

பேனாவுக்கு 8192 அழுத்த நிலைகள் என்ற விளம்பரத்தை விட, லேமினேட் செய்த திரையா என்று பார்ப்பதே முக்கியம். கண்ணாடிக்கும் திரைக்கும் இடைவெளி இருந்தால் பேனா முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் தெரியும். குழந்தைகள் உடைக்கு யானைக்குட்டியின் கண்ணிமையை வரையும்போது அது பெரும் தொல்லை. நிறத்துக்கு எந்தத் திரையையும் நம்பாமல், பேன்டோன் நிற அட்டையைப் பார்த்தே டிசைனைப் பிரிண்டிங் பட்டறைக்கு அனுப்புகிறேன். பென் டிஸ்ப்ளேக்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் இல்லாமல் இயங்காது என்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இக்கருவிகளை ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்குவதுதான் இன்றைய நிலை. முதலிபாளையத்திலுள்ள நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி, வெளி டிசைனர்களும் இக்கருவிகளில் வரைந்து பார்க்க மாதம் ஒரு நாள் ஒதுக்கினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பிரிண்ட் டிசைனர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.