கிரண்காவைக் கொன்றது யார்?

பம்பாயின் ஆலைப் பகுதி காலப்போக்கில் தானாகவே அழிந்துவிட்டது என்கிறார்கள். 1982-ல் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்து தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள் என்கிறார்கள். முதலாளிகளும் அவர்களுக்குத் தாளம் போடும் பத்திரிகைகளும் நாற்பது வருஷமாகப் பாடும் பாட்டு இது. நம் பக்கத்தில் ஓர் ஆலையின் கதவு மூடப்படும்போதெல்லாம் இதே பாட்டுத்தான் நம் காதிலும் விழுகிறது. ஆகவே அந்தப் பகுதியின் உண்மைச் சரித்திரத்தை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் அறிந்துகொள்வது அவசியம் என்று நாம் கருதுகிறோம்.

ஆலைகளின் கிராமம்

1856-ல் தார்தேவ் என்ற இடத்தில் பம்பாயின் முதல் பஞ்சாலை ஓடத் தொடங்கியது. பிறகு பரேல், லால்பாக், வோர்லி, சிவ்ரி, நாய்காவ் என்று நகரின் நடுப்பகுதி முழுவதும் புகைபோக்கிகள் எழுந்தன. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கிரண்காவ். மராத்தியில் 'கிர்ணி' என்றால் ஆலை. 'காவ்' என்றால் கிராமம்.

பொருத்தமான பெயர். அங்கே வந்தவர்கள் ரத்தினகிரி, சத்தாரா, கோலாப்பூர்ப் பக்கத்து ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். நிலம் சோறு போடவில்லை, வட்டிக்காரன் விட்டுவைக்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பட்டணம் வந்தார்கள். 'சால்' என்று சொல்லப்படும் மாடி லைன் வீடுகளில் ஒண்டினார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஓர் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுப்பான். தொழிலாளிகளின் மனைவிமாரும் விதவைகளும் தங்கள் அடுப்படியிலேயே மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். சம்பளம் வராத மாதத்திலும் கடனுக்குச் சோறு போட்ட கைகள் அவை. வட்டிக்காரனிடமிருந்து அந்தப் பெண்களை மீட்க, 1975-ல் தோழர் பிரேமா புரவ் அவர்களைத் திரட்டி அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தை அமைத்தார்.

சங்கு ஊதினால் தெரு நிறையும். மாலையில் கபடி, பஜனை, தமாஷாக் கூத்து. ஆலை வாசலில் கூட்டம். கூத்துக் கலையையே ஆயுதமாக்கினார் அண்ணாபாவ் சாட்டே. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதியில் பிறந்து ஆலையில் பாடுபட்ட தொழிலாளி அவர். 1944-ல் அமர் ஷேக்குடன் சேர்ந்து அவர் அமைத்த செங்கொடிக் கலைக்குழு ஊர் ஊராகப் பாடியது.

இந்தத் தெருக்கள் வெறும் பொழுதுபோக்குத் தெருக்கள் அல்ல. 1908-ல் திலகருக்கு வெள்ளைக்காரன் ஆறு வருஷத் தண்டனை விதித்தபோது, வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாள் ஆலைகளை நிறுத்தியவர்கள் இவர்கள். அதைக் கண்டு லெனின் இந்தியத் தொழிலாளி விழித்துக்கொண்டான் என்று மகிழ்ந்து எழுதினார். 1928-ல் ஆறு மாதம் நடந்த பொது வேலை நிறுத்தத்தில் கிர்ணி காம்கார் சங்கம் செங்கொடியின் கீழ் வளர்ந்தது. மிரண்ட சர்க்கார் 1929 மார்ச்சில் தலைவர்களை மீரத் சதி வழக்கில் பூட்டியது. 1946 பிப்ரவரியில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்காகத் துப்பாக்கிக்கு மார்பு காட்டியதும் இந்தத் தெருக்கள்தான்.

நம் வீட்டுக் குறையையும் சொல்வோம்

கிரண்காவ் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்ட தொழிலாளியைச் சேர்க்க மாட்டார்கள். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். 'அவன்' வாய் வைத்த நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதித் தொழிலாளிகள் மறுத்தார்கள். டாக்டர் அம்பேத்கர் அன்றே இதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி. கொடி ஒன்றாக இருந்தும் நாடா வேறாக இருந்தது. அந்த விரிசலை நாம் அடைக்காமல் விட்டால் முதலாளி அதில் கடப்பாரையை நுழைப்பான்.

நுழைத்தான். 1966-ல் சிவசேனை தோன்றியது. உன் வேலையைப் பறிப்பவன் முதலாளி அல்ல, தென்னாட்டிலிருந்து வந்த 'மதராசி' என்று மராத்தி வாலிபனின் காதில் ஓதியது. பிழைக்கப் போன நம் தமிழர்கள் உதைபட்டார்கள். அதோடு நின்றதா? 1970 ஜூன் மாதம் லால்பாக் பகுதியின் கம்யூனிஸ்ட் சட்டசபை உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய் கொலை செய்யப்பட்டார். அவரும் மராத்தியர்தான்! 'மதராசி'மேல் ஓங்கிய கை யாரைக் குறிவைத்தது என்பது அன்று வெட்டவெளிச்சமாயிற்று. அந்தக் கொலைக்காகத் தண்டனை பெற்றவர்கள் சிவசேனைக்காரர்கள்.

துணியைவிட நிலம் இனித்தது

1982 ஜனவரி 18 அன்று ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளிகள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். என்ன கேட்டார்கள்? கூலி உயர்வு கேட்டார்கள். பதிலித் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கேட்டார்கள். தாங்கள் நம்பாத ஒரு சங்கத்தைத் தங்கள் கழுத்தில் கட்டிய 1946-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்கச் சொன்னார்கள். இது பேராசையா?

ஒரு வருஷத்துக்கு மேலும் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பல்லாயிரம் பேர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். வயலில் கூலி வேலை செய்து போராட்டத்தைக் காத்தார்கள். சர்க்காரும் முதலாளிகளும் அசைந்து கொடுக்கவில்லை. ஏன் அசையவில்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. லாபத்தை உறிஞ்சி வேறு தொழிலில் போட்டார்கள். யந்திரங்களைத் துருப்பிடிக்க விட்டார்கள். பிவண்டி விசைத்தறிகளில் குறைந்த கூலிக்குத் துணி நெய்ய வழி இருந்தது. ஆலை நின்றால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆலைக்குக் கீழே இருந்த நிலமோ தங்கமாக மாறிக்கொண்டிருந்தது! லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். எவரும் முறைப்படி முடித்துவைக்காமலே அந்த வேலை நிறுத்தம் தேய்ந்து போயிற்று. தத்தா சாமந்த் 1997 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நகரின் நடுவில் சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் கிடந்தது. 1991-ல் சர்க்கார் ஒரு விதி செய்தது. ஆலை நிலத்தை விற்கலாம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊருக்குத் திறந்தவெளியாகவும், ஒரு பங்கு ஏழைகளின் வீடுகளுக்காகவும் போக வேண்டும். மீதி ஒரு பங்குதான் முதலாளிக்கு. 2001-ல் இந்த விதியைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். முழு நிலத்தையும் பங்கிட வேண்டாம், கட்டிடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். கணக்குப் பாருங்கள், தோழர்களே! ஒன்பது ஏக்கர் ஆலையில் ஒரே ஏக்கர்தான் காலி இடம் என்றால், ஊருக்கு மூன்று ஏக்கருக்குப் பதில் மூன்றில் ஒரு ஏக்கர்! இதற்குப் பெயர் பகற்கொள்ளை அல்லவா? உயர் நீதிமன்றம் 2005-ல் இதைத் தடுத்தது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது.

சர்க்காரின் கையிலிருந்த ஆலைகளும் தப்பவில்லை. 2005-ல் தேசிய ஜவுளிக் கழகத்தின் ஐந்து ஆலை நிலங்கள் சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 2012-ல் வீட்டுக்குக் குலுக்கல் நடத்தினார்கள். மனுப் போட்டவர்கள் லட்சத்துக்கு மேல். வீடுகள் சுமார் 7,000. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

யாருக்கு முன்னேற்றம்?

பீனிக்ஸ் ஆலை இருந்த இடத்தில் சீமான்களின் கடைவீதி எழுந்தது. கமலா ஆலை வளாகத்தில் மொட்டைமாடி மதுக்கடைகள் வந்தன. 2017 டிசம்பரில் அங்கே தீப்பிடித்து 14 பேர் மாண்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, செப்டம்பர் 29 அன்று, எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெரிசலில் 23 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். ஆலை நிலத்திலெல்லாம் வானளாவக் கட்டிடம் கட்டினார்கள். அங்கே வேலைக்கு வரும் ஏழை எளியவர்கள் நடக்கப் பாலம் கட்டவில்லை. ஊருக்கென்று ஒதுக்கியிருக்க வேண்டிய திறந்தவெளி எங்கே போயிற்று என்று நாம் கேட்கிறோம்.

கிரண்காவ் தானாகச் சாகவில்லை. முதலில் அதன் ஒற்றுமையைக் கொன்றார்கள். பிறகு வேலையைக் கொன்றார்கள். கடைசியில் சட்டத்தைத் திருத்தி நிலத்தை விழுங்கினார்கள். இந்த வரிசையை நாம் மறக்கக்கூடாது.

ஆலைத் தோழர்களே! உங்கள் ஆலையில் யந்திரத்தைப் புதுப்பிக்காமல் நிலத்தை அளந்து பார்க்கிறானா முதலாளி? அன்றே விழித்துக்கொள்ளுங்கள். கதவடைத்த பிறகு கதவைத் தட்டிப் பயனில்லை. விவசாயத் தோழர்களே! ஆலையை இழந்தவன் உங்கள் ஊருக்குத்தான் திரும்பி வருவான். உங்கள் கூலியோடு அவன் கூலியை மோதவிடுவார்கள். அவன் போராட்டம் உங்கள் போராட்டமே. சாதி சொல்லியும் பாஷை சொல்லியும் பிரிக்க வருகிறவனைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்புங்கள்!