பந்து சோறு போடுமா?



கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் அனைவரும் கலைந்து சென்றுவிட்டனர். மாதா கெபியின் அருகே ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கோவையில் லேத் பட்டறை ஒன்றில் நெடுநாளாகப் பணிபுரிபவர், நம் பங்கைச் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. பத்தாம் வகுப்புப் பயிலும் அவருடைய மகள் பள்ளியின் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள். மாவட்ட அணித் தேர்வுக்கு அவளை அனுப்பப் பெற்றோரின் ஒப்புதல் கேட்டு விளையாட்டு ஆசிரியை கொடுத்தனுப்பிய தாள் அது.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவ கேட்டுக்குவாளுங்க. பந்து நமக்குச் சோறு போடுமாங்க?" என்றார்.

'வேண்டாம்' என்று நாம் சொல்லிவிடுவோம் என்னும் நம்பிக்கையோடுதான் அவர் வந்திருந்தார். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். "ஞாயிறு பூசைக்குப் பின் வாருங்கள், பேசுவோம்" என்று கூறி அவரை அனுப்பிவைத்தோம். உண்மையைச் சொன்னால், அவருடைய கேள்விக்கு அந்த நேரத்தில் நம்மிடம் விடை இல்லை.

இந்த ஆட்டத்தோடு நமக்குச் சிறிது பழக்கம் உண்டு. குருமடத்தில் மாலை மணி அடித்தால், தத்துவ நூலை மூடிவைத்துவிட்டுக் களத்தில் இறங்கியே ஆகவேண்டும். உயரம் போதாத நமக்குப் பந்தை எடுத்துக்கொடுக்கும் ஊழியமே பெரும்பாலும் வாய்த்தது. இடக் கணுக்கால் இருமுறை பிசகியது. இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தவரும் இறையியல் பயின்றவரே என்பது அந்நாளில் நமக்கு ஓர் ஆறுதல். கனடா நாட்டவரான ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பனிக்காலத்தில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக, இரண்டு பழக்கூடைகளை மேல்மாடத்தில் அடித்து மாட்டி இதனைத் தொடங்கினார். அது ஒய்.எம்.சி.ஏ. கல்விக்கூடம். அந்தச் சங்கத்தாரின் வழியாகவே ஆட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வெளிவந்த ஆசிரியர்கள், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் முற்றங்களில் இரண்டு கம்பங்களை நட்டு வளையம் மாட்டினார்கள்.

கொங்கு நாட்டில் அந்த வளையம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி கோவையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடைபெற்று வருவதை நம்மில் பலர் அறிவோம். மகளிருக்கெனப் பம்பு நிறுவனம் ஒன்றின் பெயரால் தனிக் கோப்பையும் உண்டு. கோவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அங்கு ஆட வரும் அணிகளின் பட்டியலைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இரயில் பெட்டித் தொழிற்சாலை, கடற்படை, தரைப்படை, கேரள மின்வாரியம்! இது விளையாட்டுப் போட்டியா, அன்றி அலுவலகங்களின் மாநாடா என்ற ஐயம் எழும். நம் தந்தையாரின் கேள்விக்குரிய விடையின் பாதி அந்தப் பட்டியலிலேயே அடங்கியிருக்கிறது.

மறுபாதிக்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் அனிதா பால்துரை. 1985-இல் பிறந்தவர், சென்னைக்காரர். பதினோராம் வயதளவில் பந்தைக் கையில் எடுத்தவர், 2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் அணிக்காக ஆடினார். பத்தொன்பதாம் வயதிலேயே அணித்தலைவி ஆனார். நம் வீடுகளில் அந்த வயதுப் பெண்ணைத் தனியாகப் பேருந்தில் ஏற்றி அனுப்பவே தயங்குகிறோம். அவரோ பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு நாடு நாடாகச் சென்றார். 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் விளையாட்டு, 2010-இல் குவாங்சௌவில் ஆசிய விளையாட்டு, 2011-இல் இலங்கையில் தெற்காசியக் கடற்கரை விளையாட்டில் தங்கம் என்று அவருடைய பயணம் தொடர்ந்தது. ஆசிய வாகையர் போட்டிகள் ஒன்பதில் ஆடிய முதல் இந்தியப் பெண்மணி அவரே. தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள் பெற்றார்.

இவற்றையெல்லாம் விட நம்மை ஈர்த்தது வேறொரு செய்தி. திருமணமாகித் தாயான பின்னரும் அவர் களத்துக்குத் திரும்பினார். பிள்ளை பெற்ற உடம்பைக் குறித்து நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் எச்சரிக்கைகள் எத்தனை என்பதைத் தாய்மார்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓடவும், எகிறவும், இடித்துத் தள்ளப்படவும் வேண்டிய ஆட்டம் இது. வீட்டிலே பிள்ளையை ஏந்திக்கொள்ள ஒரு மடி இல்லாமல் எந்தத் தாயும் இப்படித் திரும்பி வர இயலாது.

2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பைப் போட்டிகள் நடந்தன. இந்தியா இரண்டாம் பிரிவில் இருந்தது. அப்பிரிவில் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே, ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா ஆகிய பெரிய அணிகள் ஆடும் முதற்பிரிவில் இடமுண்டு. இறுதி ஆட்டத்தில் எதிர்த்து நின்றது கஜகஸ்தான். நம்மவரினும் வலுவான உடற்கட்டு உடையவர்கள். இந்தியா 75, கஜகஸ்தான் 73 என்று முடிந்தது. இரண்டே புள்ளி, அதாவது ஒரே ஒரு கூடை! பதினேழு ஆண்டு உழைப்பின் இறுதியில் அனிதாவுக்குக் கிடைத்த அந்த வெற்றியின் இடைவெளி அவ்வளவுதான். அதன்பின் அவர் நாட்டு அணியினின்று ஓய்வு பெற்றார். 2021-இல் நடுவணரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இந்த வரலாற்றின் நடுவே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தண்டவாளத்தையும் காட்ட வேண்டும். அனிதா தெற்கு இரயில்வேயின் பணியாளர். அமெரிக்காவிலே பந்தாடுவதே தொழில், கோடிக்கணக்கில் ஊதியம், ஓய்வு பெற்றால் தொழிலும் முடிந்தது. நம் நாட்டிலோ தொழில்முறைப் போட்டித் தொடர்கள் தோன்றுவதும் நின்றுபோவதுமாக இருக்கின்றன. அதனால் இரயில்வேயும் வங்கியும் காவல்துறையும் தத்தம் அணிக்காக ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுக்கின்றன. காலையில் பயிற்சி, பகலில் அலுவல், பருவம் வந்தால் போட்டிப் பயணம். முப்பது வயதைக் கடந்து முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும் நாளில் களத்தினின்று ஓய்வு. அலுவலக நாற்காலியோ அறுபது வயது வரை காத்திருக்கும். ஆகவே நம் ஊரில் 'ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்' என்றால், பெரும்பாலும் மறுநாள் காலை வேலைக்குச் செல்பவர் என்றே பொருள்.

பந்தையே தொழிலாகக் கொண்டு கடல் கடந்தவர் ஒருவரும் அதே இரயில்வே அணியில் இருந்தார். கேரளத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ், 2006 முதல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கழகத்துக்காக ஆடினார். 2011-இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை அணிகள் மூன்று அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன, இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து இங்கேயே ஆடினார். 2014-இல் அர்ச்சுனா விருது பெற்றார். கதவு திறக்காத நாளில் திரும்பி வந்து நிற்க அவருக்கு ஓர் இடம் இருந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இனி, நாம் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருவோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நாம் வேறொரு பங்கில் பணியாற்றிய காலம். ஒரு தாய் இதே கேள்வியுடன் வந்தார். அவருடைய மகள் நல்ல உயரம். பள்ளி அணியில் முதன்மையானவள். அரைக்காற்சட்டை அணிந்து ஆடுவதை உறவினர் ஏளனம் செய்கிறார்கள், நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அத்தாய் வருந்தினார். நாம் நெடிது சிந்திக்கவில்லை. "படிப்பைப் பார்க்கட்டும் அம்மா, ஆட்டம் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டோம். சாமியாரே சொல்லிவிட்டார் என்ற பிறகு அந்த வீட்டில் மறுபேச்சு ஏது? அப்பெண் பந்தைத் தொடுவதை நிறுத்தினாள். நம் அறிவுரை அவ்வட்டாரத்தில் நற்பெயர் பெற்று, பங்குக்குப் பங்கு பரவியும் விட்டது போலும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பொள்ளாச்சியில் ஒரு திருமண வரவேற்பில் அவரைக் கண்டோம். இரண்டு பிள்ளைகள், நல்ல கணவர், குறையொன்றும் சொல்லவில்லை. விடைபெறும்போது சிரித்துக்கொண்டே, "இப்பவும் பஸ்ஸுல போறப்ப ஏதாச்சும் ஸ்கூல்ல கூடை கண்ணுல பட்டா, கை தானா மேல போகுதுங்க சாமி" என்றார். அவர் நம்மைக் குற்றம் சாட்டவில்லை. அந்த அறிவுரையைத் தந்தவர் நாம் என்பதே அவருக்கு நினைவில் இருந்ததோ, இல்லையோ! ஆனால், அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஞாயிறன்று லேத் பட்டறைத் தந்தையார் துணைவியாருடன் வந்தார். அனிதாவைப் பற்றிச் சொன்னோம். வங்கி, இரயில்வே அணிகளைப் பற்றிச் சொன்னோம். அரசுப் பணியில் விளையாட்டு வீரருக்கென 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதையும், கல்லூரிகள் அணிக்காக இடமும் கட்டணச் சலுகையும் தருவதையும் சொன்னோம். பொய்யான நம்பிக்கையை ஊட்ட விரும்பாமல் மற்றதையும் சொன்னோம்: ஆடுகிறவர் பல்லாயிரம், வேலை பெறுகிறவர் மிகச் சிலர், ஒரு காயம் போதும், எல்லாம் முடிந்துவிடும், படிப்பைக் கைவிடலாகாது.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப போடும்னும் சொல்ல முடியாது, போடாதுன்னும் சொல்ல முடியாதுங்களா?" என்றார். "ஆமாம்" என்றோம். அதுவரை வாய் திறவாதிருந்த துணைவியார், "ஏனுங்க, லேத்து மட்டும் எழுதிக் குடுத்துட்டா சோறு போடுது? போன வருசம் ஆர்டர் இல்லாம நாலு மாசம் சும்மா உக்காந்திருந்தீங்களே" என்றார். தந்தையார் பேனா கேட்டார். நம் மேசை மீதிருந்த பேனாவிலேயே கையொப்பமிட்டார்.

தேர்வில் அப்பெண்ணுக்கு இவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. உயரம் போதும், இடக்கை பழகவில்லை என்று கூறி, ஞாயிறு தோறும் காலை ஏழு மணிப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இப்போது அவள் ஐந்தரை மணி முதற்பூசைக்கு வருகிறாள். கடைசி வரிசையில், சுடிதாருக்குக் கீழே வெள்ளைக் காலணி தெரிய, பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். தந்தையார் நன்மை வாங்கியவுடன் வெளியே போய்விடுகிறார். இறுதி ஆசீருக்கு நாம் கை உயர்த்தும் வேளையில் வாசலில் அவருடைய டி.வி.எஸ். வண்டி முழங்கத் தொடங்குகிறது. பாடற்குழுவினர் முறையிட்டுள்ளனர். அவரிடம் அது குறித்து நாம் இன்னும் பேசவில்லை.