பட்டியல் விற்கும் சேருக்கு

கல்முனையில் ஆங்கில டியூஷன் நடத்தும் சேர் ஒருவர் அண்மையில் ஒரு பரிசளிப்பு விழா மேடையில் மூன்று விடயங்களை அடித்துச் சொன்னார். ஃப்ரேசல் வேர்ப் என்பது தமிழில் இல்லாத சாமான். ஆகவே நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம்தான் ஒரே வழி. 500ஐப் பாடமாக்கினால் ஓ.எல். ஆங்கிலம் கைக்குள். பாடமாக்கிய பிறகும் பிழைவிடும் பிள்ளை சோம்பேறி. சபை கைதட்டியது. மண்டப வாசலில் 500 வினைகளும் அடங்கிய அவருடைய நோட்ஸ் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

முதலில் அந்த ‘தமிழில் இல்லாத சாமான்’. “சாச்சா வளவை விட்டுக்கொடுத்துப்போட்டார்” என்று மருதமுனையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். எதை விட்டார், எதைக் கொடுத்தார், எதைப் போட்டார் என்று அது திருப்பிக் கேட்காது. ‘கண்டுபிடி’யில் யாரையும் பிடிப்பதில்லை, ‘காட்டிக்கொடு’வில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. தனித்தனிச் சொல்லாகப் பிரித்தால் அர்த்தம் கழன்றுபோகும் வினைகளோடு பிறந்து வளரும் பிள்ளைக்கு ‘கிவ் அப்’ எப்படிப் புதுமையாகும்? நாம் இரண்டு வினைகளைச் சேர்க்கிறோம். ஆங்கிலேயன் வினைக்குப் பின்னால் அப், ஓஃப், அவுட் என்று குட்டிச் சொல்லை வைக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்காக அது இலகு என்று நான் சொல்லவில்லை. அந்நியரை மிகவும் சிரமப்படுத்துவது இதுதான் என்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதிவிட்டார். கல்முனைப் பிள்ளைக்கு மட்டும் எழுதிவைத்த சீதனம் அல்ல இந்தக் கஷ்டம்.

இப்போது நோட்ஸுக்கு வருவோம். பக்கத்துக்கு இரண்டு நிரல்: இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் ‘கவனி’. முடிந்தது. உம்மாவைக் கவனிப்பதற்கு அது சரி. ஆனால் நம் பிள்ளை பாடத்தையும் கவனிக்கிறது, கரும்பலகையையும் கவனிக்கிறது. ஆகவே ‘டீச்சர் டோல்ட் அஸ் டு லுக் ஆஃப்டர் த லெசன்’ என்று எழுதுகிறது. பாடத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பராமரிக்கச் சொன்னாராம் டீச்சர்! அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. நோட்ஸை வரிக்குவரி நம்பியது, அதுதான் அது செய்த குற்றம்.

‘கிவ் அப்’ என்றால் ‘கைவிடு’. சிகரெட்டைக் கைவிட்டார் என்பதற்குப் பொருந்தும். அல்லாஹ் நம்மைக் கைவிடமாட்டான் என்பதற்கு ‘அல்லாஹ் வில் நொட் கிவ் அப் அஸ்’ என்று எழுதினால் ஈமானில் குறையில்லை, வசனத்தில்தான் குறை. சரி, ‘அஸ்’ஸை நடுவே தள்ளி ‘கிவ் அஸ் அப்’ என்று திருத்தினால் தப்பலாமா? அப்போது பொலிஸில் பிடித்துக் கொடுப்பது போல ஓர் அர்த்தம் வந்து குந்திக்கொள்ளும். ‘புட் ஓஃப்’ என்றால் ‘பிற்போடு’. கருவாட்டு வாடை ஒருவனைப் புட் ஓஃப் செய்தது என்று ஆங்கிலக் கதையில் வருகிறது. வாடை அவனை எந்தத் திகதிக்குப் பிற்போட்டது என்று சேர்தான் சொல்லவேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, வசனத்தில் எது எங்கே நிற்கும் என்பது. ‘புட் ஓஃப் த மேட்ச்’, ‘புட் த மேட்ச் ஓஃப்’ இரண்டும் சரி. மேட்சை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டால் ‘புட் இட் ஓஃப்’ மட்டும்தான். ‘புட் ஓஃப் இட்’ பிழை. ‘லுக் ஆஃப்டர்’ இதற்கு நேர்மாறு: ‘லுக் ஆஃப்டர் ஹேர்’ என்றுதான் வரும், ‘ஹேர்’ நடுவில் நுழையவே முடியாது. முன்னது பிரியும், பின்னது பிரியாது. இந்த ஒரு விடயம் தெரியாமல் 500 அல்ல, 5,000 பாடமாக்கினாலும் ஒரு வசனம் நேராக வராது. இரண்டு நிரல் நோட்ஸில் இதற்கு இடமே இல்லை.

500 என்ற எண் எங்கிருந்து வந்தது? டீ கார்ட்னர், மார்க் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரித்தானிய ஆங்கிலத் தொகுப்பை அலசி 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, வெறும் 100 ஃப்ரேசல் வேர்ப்களே மொத்தப் பாவனையில் பாதிக்கு மேல் வந்துவிடுகின்றன. ஆனால் அந்த 100இல் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்துக்கும் மேல் அர்த்தம். சேர் ஒன்றுக்கு ஒரு சொல் என்று அள்ளிக் கொடுத்திருக்கிறார். பட்டியலே கூடாது என்பது என் வாதம் அல்ல. கார்னியேயும் ஷ்மிட்டும் 2015இல் 150 வினைகளுக்கு, அதிகம் புழங்கும் அர்த்தங்களை மட்டும் பொறுக்கிப் பட்டியல் போட்டார்கள். அது தேடித் தெரிந்தெடுத்த வேலை. இது பக்கம் நிரப்பும் வேலை.

சோம்பேறி என்ற வசவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கட்டாரில் ஹோட்டல் வாகனம் ஓட்டிவிட்டுச் சாய்ந்தமருதுக்குத் திரும்பிய ஒரு காக்கா, எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், ‘பிக் ஹிம் அப்’, ‘டிராப் தெம் ஓஃப்’ என்று ஹிம்மையும் தெம்மையும் பிசகாமல் நடுவில் வைக்கிறார். எந்த நோட்ஸும் வாங்கவில்லை. விமான நிலையத்தில் ஆளை ஏற்றும்போதும் வாசலில் இறக்கும்போதும் வசனம் முழுசாகக் காதில் விழுந்தது. வகுப்பில் 40 பிள்ளைகளுக்கு அதைச் செய்துகாட்ட ஒரு கதவும் ஒரு மின்விசிறி சுவிட்சும் போதும்.

கடைசியாக, சேரின் கேடயம். நோட்ஸில் ‘கோப் அப் வித்’ என்று இருக்கிறதே, ‘அப்’ எதற்கு என்று கேட்டால், இலங்கை ஆங்கிலம் என்கிறார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, ஆங்கிலத்தை நம் பாணியில் பேசுவோம் என்று அரசாங்கமே சொன்னதை எடுத்துக் காட்டுகிறார். நம் ஆங்கிலத்துக்கு மரியாதை உண்டு. மைக்கல் மெய்லர் 2007இல் அதற்கென ஓர் அகராதியே வெளியிட்டார். வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைப்பதை ‘கெட் டவுன்’ என்கிறோம், அழகான பிரயோகம். பேச்சில் ‘கோப் அப்’ வந்தால் நானும் பொறுத்துக்கொள்வேன். பரீட்சைக்கென்று அச்சடித்து, காசு வாங்கி, பிள்ளை புள்ளியை இழந்த பிறகு அதற்குத் தேசப்பற்றுச் சட்டை போட்டுவிடுவதைப் பொறுக்க முடியாது.

அடுத்த பதிப்புக்கு முன் சேர் 500ஐ 60ஆக வெட்டட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஹிம்’ வைத்து ஒரு வசனம், ‘இட்’ வைத்து ஒரு வசனம், நம்மூர்ப் பிள்ளை வழக்கமாக விடும் பிழை ஒன்று. வெட்டமாட்டார். 500க்குச் சொல்லும் விலையை 60க்குச் சொல்ல முடியாதே.