ஆறு பேர் கடை

"அண்ணே, குடும்பத்துமேல கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?" என்று கேட்டார் மருத்துவக் காப்பீட்டு ஏஜென்ட். டீக்குக் காசு கொடுத்தது நான்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆங்கிள், சேனல், தகடு என்று ஊரார் சரக்கை டன் டன்னாகக் கூட்டிக் கழிக்கிற கைக்கு மாதம் 18 ஆயிரம். உடம்பில் சர்க்கரை. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். 5 லட்சம் ரூபாய் பாலிசிக்கு அவர் சொன்ன தொகை வருஷத்துக்கு 27 ஆயிரம். என் ஒன்றரை மாதச் சம்பளம்.

"தினம் ரெண்டு டீயைக் குறைங்க, தானா சேர்ந்துரும்" என்றார். கணக்குப்பிள்ளையிடமா இந்தக் கணக்கு? டீ 15 ரூபாய். 365 நாளும் வாயைக் கட்டினால் 10,950. மிச்சத்துக்கு இன்னும் எதைக் குடிக்காமல் இருப்பது? கட்டினாலும், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையால் வரும் வைத்தியத்துக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாமாம்.

முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். "வருமானச் சான்றிதழைக் குறைச்சு எழுதி வாங்கிக்கயேன், யார் வந்து பாக்கப்போறா?" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஒருத்தர் பொறுப்பாக இரு என்கிறார், இன்னொருத்தர் பொய் சொல் என்கிறார். இரண்டு பேருக்கும் என்மேல் அக்கறைதான்.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, அது இல்லாவிட்டால் வடசென்னையே இல்லை. ஆனால் நடுராத்திரி நெஞ்சு வலித்தால் கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி அங்கே போய்ச் சேர வேண்டுமே.

வயிறு எரிவது தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யை நினைத்தால்தான். மணலியில் கம்பெனி வேலை பார்க்கிற மச்சானுக்கும் இதே 18 ஆயிரம். அவரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், 135 ரூபாய். முதலாளி போடுவது மூன்றே கால் சதவீதம், 585. ஆக 720 ரூபாயில் காய்ச்சல் மாத்திரையிலிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வரை மொத்தக் குடும்பத்துக்கும் வைத்தியம். சம்பளம் 21,000 வரை இருக்கலாம். நான் அதற்குள்தானே இருக்கிறேன்? ஆனால் எங்கள் கடையில் ஆறு பேர்தான். பத்துப் பேர் இருந்தால்தான் சட்டப்படி கட்டாயம். லோடுமேன்கள் டன்னுக்குக் கூலி வாங்கிக்கொண்டு கடை கடையாகப் போகிறவர்கள், யார் கணக்கிலும் வரமாட்டார்கள். இன்னும் நாலு ஆளை வேலைக்கு வைக்காதது என் பொறுப்பில்லாத்தனமா?

முதலாளி பங்கையும் சேர்த்து நானே கட்டத் தயார். வருஷத்துக்கு 8,640. ஏஜென்ட் குறைக்கச் சொன்ன டீக்காசே போதும், மிச்சமும் விழும். தனி ஆளாகப் போய்க் கட்டத்தான் வழியில்லை.

போன வாரம் மறுபடி போன். "அண்ணே, ஜி.எஸ்.டி.யே எடுத்துட்டாங்க, 18 சதவீதம் மிச்சம்!"

"அந்த 27 ஆயிரம், ஜி.எஸ்.டி. எடுத்தப்புறம் நீங்க சொன்னதுதானே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆமாண்ணே" என்றார். எடை மேடையில் லாரி நிற்குது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.